துரையின் பள்ளிக்கூடமும் மிஸ் சாப்மனின் பள்ளிக்கூடமும்

1907, 1912. இந்த இரண்டு வருடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு முதன்முதலாக இந்நாட்டில் சட்டமாக வந்தது. அதற்கு முன்னர் லயத்துக் காம்பராவிலோ, கோயில் திண்ணையிலோ, கங்காணிமார் சேர்ந்து காசு கொடுத்து வைத்த ஒருவர் இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். 1854 முதல் மிஷனரிமாரும் சில தோட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்கள் தங்கள் மிஷனுக்கு வைத்த பெயரே "தமிழ் கூலி மிஷன்".

1907இன் சட்டம் என்ன சொன்னது? தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்க வேண்டியது தோட்டத்துரையின் கடமை. அரசாங்கம் மானியம் தரும், வந்து பார்த்துவிட்டுப் போகும். நடத்துவது துரை. ஏன் 10 வயதோடு நிறுத்தினார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இருபது வருடம் கழித்து வந்த 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் விடை கிடைக்கிறது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்கிறது அது. அதாவது பள்ளிக்கூடம் முடிகிற வயதும் செக்ரோலில் பேர் விழுகிற வயதும் ஒன்றுதான். பிள்ளைக் காம்பராவில் இருந்து கொழுந்து மலைக்குப் போகிற வழியில் நாலு வருடம் தங்கிப் போகிற இடம்தான் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைக்கு என்ன செய்தார்கள்? சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம் என்று பிரித்தானியர்கள் தங்கள் ஊருக்கு 1893இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். 14 வருடம் கழித்து இங்கே சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாடசாலைகள் வந்துவிட்டன. அந்தச் சீமையில் இருந்து தேயிலைக்குக் கூலியாக வந்தவர்கள் கங்காணியோடு கப்பல் ஏறியபோது விட்டுவிட்டு வந்தவற்றில் இதுவும் ஒன்று.

இப்போது 1912. மேரி சாப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி கொழும்புக்குத் தெற்கே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுதான் இரத்மலானையில் இன்றும் இருக்கிற பாடசாலை. அவர் பின்னர் 1920இல் பர்மாவுக்குப் போய் ரங்கூனிலும் ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டின் விசேட கல்வி வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இந்த 1912இல் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். சரிதான். ஆனால் அதை ஊவாவில் இருந்து பார்க்க வேண்டும். 1912இல் ரயில் பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்கு வந்தது 1924இல். பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்த ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்கு இறங்கியிருக்கலாம்தானே என்று கேட்கலாம். அன்று "துண்டு" முறை இருந்தது. கடன் கணக்குத் தீர்ந்து துரை துண்டு எழுதிக் கொடுக்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாறவும் முடியாது. அது ஒழிந்தது 1921இல்.

ஆக, ஐந்து வருட இடைவெளியில் இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்றை அரசாங்கம் தோட்டத்துரையிடம் விட்டது. மற்றதை மிஷனரியிடம் விட்டது. இரண்டுக்கும் மானியம் மட்டும் கொடுத்தது. தோட்டத்தில் பிறந்த, காது கேளாத பிள்ளை இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் விழுந்தது. விழுந்ததை யாரும் பதிந்துகூட வைக்கவில்லை. காரணம் எளிது. தோட்டம் மனிதரை வேலையால் அளந்தது. காது கேளாத பிள்ளை கொழுந்து பறிக்கும். படிப்பு ஏறாத பிள்ளை புல் வெட்டும். வேலைக்கு ஆகுமென்றால் அந்தப் பிள்ளைக்குக் குறை இருப்பதாகவே தோட்டத்துக் கணக்கு எடுத்துக்கொள்ளாது.

1945இல் இலவசக் கல்வி வந்ததை நாம் எல்லோரும் வகுப்பில் பெருமையோடு படிப்பிக்கிறோம். தோட்டப் பள்ளிக்கூடம் அப்போதும் துரையின் கையில்தான். 1948இல் குடியுரிமையும் போனது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல், மறுக்கவில்லை. ஆனால் லுணுகலையில் இருந்து கைதடிக்குப் போவதென்றால் நாட்டின் ஒரு பாதியைக் கடக்க வேண்டும். யுத்தத்தில் ஏ9 வீதி மூடிக் கிடந்த வருடங்களில் அதுவும் இல்லை.

அடுத்தது 1960, 1961. எனக்கு இதுதான் முக்கியமான இடம். உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்ற காலம். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் கல்வியைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் நம்மவர்கள் மேடையை விட்டு இறங்குவதில்லை, அது நியாயமும்தான். ஆனால் அந்தக் கையேற்பில் இரண்டு வகைப் பாடசாலைகள் வெளியே நின்றன. தோட்டப் பாடசாலைகள் ஒன்று. விசேட பாடசாலைகள் மற்றொன்று. 1907இலும் 1912இலும் மற்றவர் கையில் விடப்பட்டவை, அரை நூற்றாண்டு கழித்தும் அப்படியே விடப்பட்டன. விசேட பாடசாலைகள் பல இன்றும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்க, தொண்டு அமைப்புகளால்தான் நடக்கின்றன.

இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1960களின் கடைசியில் அரசாங்கம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியது. விசேட தேவையுள்ள பிள்ளைகளைத் தூரத்து விடுதிகளுக்கு அனுப்பாமல், சாதாரண பாடசாலையிலேயே சேர்த்துப் படிப்பிப்பது. ஆனால் அது அரசாங்கப் பாடசாலைக்கான திட்டம். தோட்டப் பாடசாலையோ அப்போது அரசாங்கப் பாடசாலையே அல்ல! காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1970களின் நடுப்பகுதியில் தொடங்கி 80களிலும் நீண்ட கையேற்பில்தான் அவை உள்ளே வந்தன. வந்தபோதும் அநேகமானவை ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், தரம் 5 வரை. ஐந்து வகுப்பை ஒரே கூரையின் கீழ் கத்திக் கத்திப் படிப்பித்த அந்த மனுஷரிடம் போய், பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் தனியாகப் பாடம் தயாரிக்கவில்லை என்று எப்படிக் கேட்பது? பிறகு சுவீடனின் சீடா உதவியில் கட்டடங்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. பத்து வருடத்துக்குச் சற்று முன்னர் ஆசிரிய உதவியாளர்கள் வந்தார்கள். மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா. பஸ் காசுக்கே போதாத அந்தக் கொடுப்பனவோடு மலை ஏறியவர்களில் பலர் இன்று நல்ல ஆசிரியர்கள்.

ஆனால் நாங்கள் கலாசாலையில் படித்தது என்ன? விசேட தேவை என்பது உளவியல் பாடத்தில் ஓர் அலகு. இரண்டு கிழமையில் வந்து போனது. வரைவிலக்கணம் பாடமாக்கினோம், பரீட்சையில் எழுதினோம். அதே விடயத்தில் 1978இல் பிரித்தானியாவில் வந்த வோர்னொக் அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதாவது விசேட உதவி தேவைப்படலாம் என்றது. 30 பேர் உள்ள வகுப்பில் ஆறு பேர். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு என் வகுப்பு இடாப்பை வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். வகுப்பில் நாம் "மக்கு" என்று பேசுகிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். "சொல் கேளாதவன்" என்று அடி வாங்குகிறவனுக்கு உண்மையிலேயே கேட்காமல் இருக்கலாம். "இவனுக்குப் படிப்பு ஏறாது சேர், விட்டுருங்க" என்று தோட்டத்து அம்மா ஒருவர் சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து மட்டுமல்ல. செக்ரோல் மூன்று தலைமுறையாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறன் காரணமாக ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்க முடியாது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றது. ஆக, பிள்ளை உள்ளே வரலாம். வந்த பிள்ளைக்குத் தமிழில் படிப்பிக்க, அதற்கென்றே படித்த ஆள் வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் குவிந்திருக்கும் வாசிப்புகளைத் தமிழில் தேடினால் கை நிறைவதில்லை. நான் படிக்கத் தொடங்கிய நாளில் இருந்து பாதி நேரம் மொழிபெயர்ப்பிலேயே போகிறது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைகள் கல்விக்கென்றே தனித் துறை இருக்கிறது. பதுளையிலேயே அதன் நிலையமும் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள், எந்த ஆண்டு எந்தப் பாடநெறி எந்த மொழியில் என்று அங்கே சொல்வார்கள். மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் அறிவித்தல்களையும் பார்த்துக்கொண்டிருங்கள். தோட்டப் பாடசாலை சேர்மார், டீச்சர்மார் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என்னிடம் தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் நான்கு கொப்பி இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது.