மருந்தும் குண்டும்
நம் சீமையில் மறைந்துபோன கைத்தொழில் ஒன்றின் வரலாறு

மருந்தில்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் கோலேயாகும். அதனைத் தோளிற் சாத்தி நிற்பவன் எத்துணை வீரனாயினும், குடுக்கையில் மருந்தும் பையிற் குண்டும் ஒழிந்தவிடத்து அவன் வீரம் செல்லாது. இவ்வுண்மை யாவரும் அறிந்ததே. எனினும், எவர் எவரோடு பொருதார், எவர் வென்றார் என்று விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் பலவும், அப்போர்களுக்கு மருந்தரைத்துக் குண்டு வார்த்துக் கொடுத்தவர் யாவர், அத்தொழில் எவ்வாறு அவர் கையினின்றும் அகன்றது என்பவற்றைப் பேசாது விடுகின்றன. அதனை நம்மாலியன்ற அளவு இங்கே எழுதப் புகுந்தோம்.

தராசும் ஏடும் கொண்டு வாழ்ந்த நம் நகரத்தார்க்கு இவ்விஷயம் எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு. நாம் வாழும் இச்சிவகங்கைச் சீமை ஆயுதம் பறிக்கப்பட்ட சீமை. இதன் வரலாறு நமக்கும் உரியது. அன்றியும், மருந்தும் குண்டும் என்பன போர்த்தொழில் மட்டுமல்ல. சரக்கும் நிறுவையும் சார்ந்த தொழிலுமாம்.

கரிமருந்துக்கு வேண்டும் சரக்குகள் மூன்று: வெடியுப்பு, கந்தகம், கரி. இவற்றுள் வெடியுப்பே முக்கால் பங்கு. பழைய குடியிருப்புகளிலும் மாட்டுத் தொழுக்களிலும் உள்ள உவர்மண்ணை வாரி, நீரிற் கரைத்து, வடித்துக் காய்ச்சி அதனை எடுத்தனர். தமிழ்நாட்டில் இத்தொழில் உப்பிலியர் கைத்தொழிலாயிருந்தது. கரிக்கு மெல்லிய மரங்களே ஏற்றவை. துவரை மிளாற்றுக் கரி நம் நாட்டில் பெரிதும் மதிக்கப்பட்டது. ஆனால் கந்தகம் நம் சீமையிற் கிடைப்பதன்று. குண்டு வார்க்கும் ஈயமும் அத்தகையதே. இவ்விரண்டும் துறைமுகங்களின் வழியாக வணிகர் கொணரப் பெற்றவை. ஆதலின், பாளையத்துக் கொல்லன் திரித் துப்பாக்கி செய்யவும், உப்பிலியன் வெடியுப்பு எடுக்கவும் வல்லராயினும், கடல்வழி அடைபட்டால் அவ்விருவர் தொழிலும் முடங்கும் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க.

மறுபக்கத்திற் கும்பினியார் நிலை யாது? 1757-இல் பிளாசிப் போரை வென்ற அவர்கள், அடுத்த ஆண்டே பீகார் நாட்டு வெடியுப்பு முழுவதையும் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். அந்நாளில் உலகில் வெடியுப்பு மிகுதியாகக் கிடைத்த இடம் அதுவே. சென்னையில் அவர்களுக்கு மருந்து ஆலையும் இருந்தது. கடலும் அவர்கள் கையிலேயே இருந்தது. பின்னர் நிகழ்ந்த போர்களின் முடிவை அறிய விரும்புவோர் இக்கணக்கையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கியபோது மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலுநாச்சியார் விருப்பாட்சிக்குச் சென்று, ஹைதர் அலியின் துணை பெற்று, 1780-இல் சீமையை மீட்டார். அம்மீட்சியின்போது குயிலி என்னும் பெண், தன் உடம்பில் நெய் வார்த்துத் தீயிட்டுக்கொண்டு, பகைவர் மருந்துக் கிடங்கிற் பாய்ந்து அதனை அழித்தாள் என்பது நம் சீமையார் வழிவழியாகக் கூறும் செய்தி. இஃது அக்காலத்து ஏடுகளால் நிறுவப்பட்டதன்று, செவிவழி வந்ததே. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. இக்கதையைப் போற்றி வந்த மக்கள், பகைவரின் வலிமை அவர்தம் துப்பாக்கிகளினும் மருந்துக் கிடங்கிலேயே தங்கியிருந்தது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

1801-ஆம் ஆண்டுப் போர் யாவரும் அறிந்தது. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பெற்றது. ஜூலை மாத இறுதியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை அடைந்தபோது, ஊரார் தம் வீடுகளுக்குத் தாமே தீயிட்டுக் காட்டினுட் புகுந்தனர். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி காண ஏறக்குறைய ஒரு மாதம் முயன்று, இயலாமற் படை பின்வாங்கியது. பின்னர்ப் பல திசைகளினின்றும் ஒருங்கே புகுந்து, அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோயிலைக் கைப்பற்றினர். அக்டோபர் 24-இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 73 பேர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பிற்காலத்து நம்மவர் கொண்டுவிற்கச் சென்ற அதே பினாங்கு.

இப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பினி அதிகாரி, 1795-இல் சின்ன மருதுவினிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். அதனை 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவரே எழுதியுள்ளார். ஈட்டியும் வளரியும் எறிந்தபின் மீளவும் எடுக்கத் தக்கவை. அவற்றிற்குக் கந்தகம் வேண்டா. துப்பாக்கியோ ஒவ்வொரு வெடிக்கும் புது மருந்தும் புதுக் குண்டும் கேட்கும். சுற்றி வளைக்கப்பட்ட காட்டினுள் அவை எளிதிற் புகா.

போர் முடிந்தது, பறிமுதல் தொடங்கியது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட விளம்பரம், தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கட்டளையிட்டது. மீறினோர்க்கு மிகக் கடிய தண்டம் விதித்தது. 1803-இல் சிவகங்கை ஜமீன்தாரி ஆயிற்று. படை கலைந்தது, படைக்கு மருந்தரைத்தோர்க்கும் பெருவேலை ஒழிந்தது. வேட்டைக்கும் திருவிழா வெடிக்கும் வேண்டிய சிறு தொழிலே எஞ்சியது.

இதற்கிடையில் மேல்நாட்டில் துப்பாக்கியே வேறு பொருளாய் மாறிற்று. திரியும் சக்கிமுக்கிக் கல்லும் போய், தட்டினால் தீப்பற்றும் கேப்பு வந்தது. பின்னர், பித்தளைக் கூடு ஒன்றனுள் கேப்பு, மருந்து, குண்டு மூன்றையும் அடக்கிய தோட்டா வந்தது. அமெரிக்க நாட்டு நியூ ஹேவன் நகரத்து வின்செஸ்டர் கம்பெனியார் 1873-இல் வெளியிட்ட ரைபிள் இவ்வகையிற் பெயர் பெற்றது. அதன் அடியிலுள்ள வளைய நெம்புகோலை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால், வெறுங்கூடு வெளியே விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். குதிரையும் ஏறி நிற்கும். 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரைபிள்கள் இம்மாதிரியிற் செய்யப்பட்டன. அதற்குரிய தோட்டாவில் 40 கிரெயின் கரிமருந்து. நம் கணக்கிற் சற்றேறக்குறைய இருபது குன்றிமணி எடை. குண்டு 200 கிரெயின். ஒரு தோலாவினும் சிறிது மிகுதி.

தோட்டா வந்தவுடன் மருந்தும் குண்டும் முற்றிலும் ஆலைக்கே உரியனவாயின என்று நினைத்தல் தவறு. பித்தளைக் கூடு ஒருமுறை வெடித்தபின் பழுதாவதில்லை. கடைக்கும் ஆலைக்கும் தொலைவிலிருந்த அமெரிக்கக் குடியானவர் அக்கூடுகளைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே மீண்டும் நிரப்பினர். வின்செஸ்டர் கம்பெனியாரே அதற்கென்று கைக்கருவியும் குண்டு வார்க்கும் அச்சும் விற்றனர். வெடித்த கேப்பை நீக்குதல், விரிந்த கூட்டை அச்சிலிட்டுப் பழைய அளவிற்குக் கொணர்தல், புதுக் கேப்பைப் பொருத்துதல், மருந்தை நிறுத்திடுதல், குண்டை அழுத்தி வைத்துக் கூட்டின் வாயைச் சுருக்குதல் என்பன அத்தொழிலின் படிகள்.

வாயைச் சுருக்குதல் இவ்வகை ரைபிளுக்கு இன்றியமையாதது. இதன் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள மற்றொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். சுருள்வில் ஒன்று அவற்றை ஓயாது தள்ளிக்கொண்டிருக்கும். இறுகப் பிடிக்கப்படாத குண்டு கூட்டினுட் புதைந்துவிடும். மேலும், பின்னுள்ள தோட்டாவின் குண்டு முனை, முன்னுள்ள தோட்டாவின் கேப்பிற் படிந்து நிற்கும். ஆதலின் குண்டின் முனை மட்டமாக இருத்தல் வேண்டும். கூரிய முனையாயின், வெடியதிர்ச்சியிற் கேப்பைக் குத்தி, குழாயிலுள்ள தோட்டாவையே வெடிக்கச் செய்யும்.

மருந்தளவிலோ இதனினும் பெரிய அபாயம் உண்டு. 1884-இல் பிரான்சு தேசத்துப் பால் வியே என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். அது கரிமருந்தினும் பன்மடங்கு வலியது. கரிமருந்துக்கென்று செய்த பழைய ரைபிளில், அதே அளவு புகையில்லா மருந்தை இடுதல் துப்பாக்கியையும் பிடித்தவன் கையையும் முகத்தையும் சிதைப்பதாகும். அமெரிக்காவில் இன்றும் பழைய நெம்புகோல் ரைபிள் வைத்திருப்போர் அளவு நூல்களைப் பார்த்து, நுண்ணிய தராசில் நிறுத்தே இத்தொழிலைச் செய்கின்றனர். பொன் நிறுப்பவர்க்கு ஒரு குன்றிமணிப் பிழை நஷ்டம். இவர்க்கு அஃது உயிர்ச்சேதம்.

இனி, அமெரிக்கக் குடியானவன் வீட்டில் இருந்து தோட்டா நிரப்பிய அதே ஆண்டுகளில் நம் நாட்டில் நிகழ்ந்தது காண்க. 1878-இல், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறிற்று. லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருத்தலும், மருந்தும் தோட்டாவும் செய்தலும் விற்றலும் குற்றமாயின. ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. இந்நாட்டு மக்களுக்கு இல்லை. கொடகு நாட்டார் போன்ற மிகச் சிலரே விலக்குப் பெற்றனர். 1887-இல் நம் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் செய்தது. சர்க்கார் செவிசாய்க்கவில்லை. இன வேற்றுமை பாராட்டிய விலக்கு நீங்க 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடிகள் செய்யலாகாது என்று விலக்கிய தொழிலைச் சர்க்கார் தாமே நம் மலையிற் செய்தனர். நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து ஆலை நிறுவப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் கைகளே அங்கு மருந்து செய்தன; ஆயினும் அளவும் கணக்கும் உரிமையும் பிறருடையனவாக இருந்தன. விடுதலைக்குப் பின் அவ்வாலை நம் நாட்டினதாயிற்று, இன்றும் நடைபெறுகின்றது. 1966-இல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் தோன்றிற்று. நூற்றாண்டு கழித்து அத்தொழில் குடிகளின் சர்க்காரிடம் மீண்டது, குடிசைக்கு மீளவில்லை.

அது மீள வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. இந்நாளிற் செல்லும் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்வதை விலக்குகின்றது. அவற்றைச் செய்யும் கருவிகளையும் தோட்டா என்ற சொல்லுள் அடக்குகின்றது. அன்னியன் நம்மை அடக்க இட்ட சட்டம் வேறு. நம் பிரதிநிதிகள் ஊரமைதிக்காக இட்ட சட்டம் வேறு. முன்னதை வெறுத்த நாம் பின்னதை மதித்தல் கடமை.

நம் அன்பர்க்கு இதன்கண் உடனே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பெரியோர் காலத்துப் பெட்டகங்களிலும் மேல்மாடி அறைகளிலும், காவலுக்கென்று முன்னாளில் வாங்கிய துப்பாக்கியோ பச்சை படிந்த தோட்டாக்களோ இருத்தல் கூடும். லைசென்ஸ் பெற்றவர் காலமானபின் அவற்றை அப்படியே வைத்திருத்தல் சட்டத்திற்கு மாறு. போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வணிகரிடத்திலோ ஒப்படைத்து, உரியவர் புது லைசென்ஸ் கோருதலே முறை. பழந்தோட்டாவைச் சுட்டுப் பார்க்கவோ பிரித்துப் பார்க்கவோ பிள்ளைகளை விடலாகாது. எவ்வாற்றானும் சுட இயலாத பழம்பொருளுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கின்றது. ஆயினும் அதனைத் தாமே முடிவு செய்யாது அதிகாரிகளிடம் கேட்டறிதல் நன்று.

மருந்துக் குடுக்கை, மருந்துக் கொம்பு, இவை போன்ற பழம்பொருள்கள் கிடைத்தால் பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டுவிட வேண்டா. அவற்றைப் பயன்படுத்தியவர் யார், எவ்வூரார் என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். மருதிருவரின் பெயர் கல்லிலும் சொல்லிலும் நிலைத்தது. அவர்க்கு மருந்தரைத்த கைகளின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியவில்லை. எஞ்சிய அடையாளங்களையும் இழத்தல் நம் சீமைக்கு அழகன்று.