எரிந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில்

குடிசை எரிந்தால் எவ்வளவு நிவாரணம் என்ற கேள்விக்கு விடை உடனே கிடைக்கும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக ஒன்றிய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த விதிமுறைப்படி, சேதமடைந்த குடிசை ஒன்றுக்கு 8,000 ரூபாய். சமவெளியில் முற்றிலும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். தீப்பிடித்த இரவுக்கும் மறுபடி கூரை வேயும் நாளுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் எங்கே தங்கும் என்று கேட்டால்தான் விடை தடுமாறுகிறது. நம் நிவாரணக் கணக்கு சுவரையும் கூரையையும் அளப்பதற்கென்றே எழுதப்பட்டது. குடியிருந்தவர்களின் இடைக்காலம் அதன் கண்ணில் படுவதில்லை என்பதே என் வாதம்.

முகாமுக்கு விதிமுறையில் இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால் அது வெள்ளத்தையும் புயலையும் மனத்தில் கொண்ட ஏற்பாடு. பொதுவாக 30 நாளுக்கு உட்பட்டது. ஒரு சந்தில் இரண்டு குடிசை எரிந்ததற்காக யாரும் முகாம் திறப்பதில்லை.

வாடகைக்குப் போகலாமே என்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு இல்லை. நடுத்தெருவில் நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? வரம்புக்குள்ளேயே, மாதம் 4,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அட்வான்சும் முதல் மாத வாடகையும் சேர்ந்து 16,000 ரூபாய். குடிசை நிவாரணத்தைப் போல இரு மடங்கு.

பணம் இருந்தாலும் பலர் நகர மாட்டார்கள். சென்னையின் ஆற்றோரக் குடியிருப்புகளில், சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் நாலு சவுக்குக் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டுவார்கள். பாதி உருகிய குடத்தைக்கூட வாசலில் எடுத்து வைப்பார்கள். இதைப் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. ரேஷன் அட்டையும் ஆதாரும் எரிந்துபோனவருக்கு, கணக்கெடுக்க வரும் நாளில் அங்கே இருப்பது ஒன்றுதான் அத்தாட்சி. சேதமடைந்த வீடு அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்லும்போது, புறம்போக்கில் இருப்பவருடைய பயத்தைக் குறைசொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இடைக்கால வாடகை என்ற கருத்து இந்தியாவுக்குப் புதிதும் அன்று. 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைப்படுத்திய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், வீடு குடியிருக்கத் தகுதியற்றதாக இருக்கும் காலத்துக்கு மாற்றிட வாடகையும் சேர்ந்தே வருகிறது. பிரீமியம் கட்டியவருக்கு நாம் ஒப்புக்கொண்ட நியாயத்தைக் கீற்றுக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு மறுத்து வருகிறோம். விதிமுறை அடுத்து திருத்தப்படும்போது, பட்டா கேட்காமல், வாடகைக்கு இருந்தவரையும் சேர்த்து, மூன்று மாத மாற்றிட வாடகையைத் தனி இனமாக அதில் எழுத வேண்டும்.