நார்த்தாமலையில் விழுந்த தோட்டா

நார்த்தாமலைன்னு சொன்னதும் நமக்கு விஜயாலய சோழீஸ்வரம்தான் ஞாபகம் வரும். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில், முத்தரையர் கட்டினது. இன்னைக்கு நான் பேசப்போறது அதே மலைகளுக்குப் பக்கத்துல இருக்கிற பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தைப் பத்தி.

2021 டிசம்பர் 30. காலையில அங்கே பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி நடக்குது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி, நார்த்தாமலையில தாத்தா வீட்ல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு தோட்டா பாயுது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில அறுவை சிகிச்சை செஞ்சு தோட்டாவை எடுத்தாங்க. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துட்டான்.

இவ்ளோ தூரம் எப்படிப் போச்சுன்னு புரிய, துப்பாக்கியில குறி எப்படிச் சரிசெய்றாங்கன்னு பார்க்கணும். ஸ்கோப்ல நாம பார்க்கிற கோடு நேர்கோடு. தோட்டா போற பாதை வளைவு, ஏன்னா குழாயை விட்டு வெளியே வந்த நொடியில இருந்தே அது கீழே இறங்க ஆரம்பிச்சிடும். அதனால குழாயைத் துளி மேல் நோக்கி வெச்சு, ரெண்டும் குறிப்பிட்ட ஒரு தூரத்துல சந்திக்கிற மாதிரி செய்யணும். இதுக்குப் பேர்தான் ஜீரோ பண்றது. மணல் மூட்டை மேல துப்பாக்கியை வெச்சு மூணு குண்டு சுடுவாங்க. மூணும் விழுந்த இடத்தோட நடுப்புள்ளி இலக்குல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு அளந்து, ஸ்கோப் திருகைத் திருப்புவாங்க. பல ஸ்கோப்கள்ல ஒரு 'கிளிக்'குக்கு 100 மீட்டர்ல சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். ஒரு தடவை பண்ணா போதாது. திரும்பச் சுடணும், திரும்பத் திருகணும்.

இப்போ அளவை மாத்திப் பாருங்க. குறி ஒரே ஒரு டிகிரி விலகினா 100 மீட்டர்ல 1.75 மீட்டர். அதுவே 2 கிலோமீட்டர்ல 35 மீட்டர். குழாய் சில டிகிரி மேலே தூக்கிட்டா, ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்குல பறக்கும். கல்லுல பட்டுத் தெறிச்சாலும் திசை மாறும். ஸ்கோப்பை எவ்வளவு சரியா திருகினாலும், இலக்குக்குப் பின்னாடி தோட்டாவை நிறுத்த ஏதாவது இருக்கணும். மண்மேடோ மலையோ தடுக்கணும். அதுக்கு மேல போன குண்டு யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரையைத் தேடிப் போகும்.

ஒப்பிட ஒரு விஷயம். புதுக்கோட்டை அரச குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல டிராப் போட்டியில சுட்டார். அது ஷாட்கன், ஸ்கோப்பே கிடையாது. சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் சில நூறு மீட்டர்லயே வலுவிழந்து விழுந்திடும். ரைஃபிள் அப்படி இல்ல.

அந்தக் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவிச்சுது. தளத்தைத் தற்காலிகமா மூட மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டுது.