பழனி மலையின் மரக்காப்புச் சட்டங்கள்

பாலசமுத்திரம் பழனி மலையின் அடிவாரத்து ஊர். அருகிலுள்ள பாலாறு–பொருந்தலாறு அணைக்குக் கொடைக்கானல் மலைச்சரிவுக் காடுகளிலிருந்து தண்ணீர் வருகிறது. அந்தக் காடுகளைக் காக்கச் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய பழைய சட்டங்களே, புவி வெப்பமாவதற்கு எதிராக இம்மலைக்கு வாய்த்த முதல் அரண். அவற்றை இயற்றியவர்கள் எண்ணியது கரியமில வாயுவை அல்ல. மரத்தையும் மண்ணையும் தண்ணீரையும்தான்.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் அரசின் காப்புக்காடுகளுக்கு வேலியிட்டது. ஜமீன் காடுகள் ஜமீன்தார்கள் கையிலேயே இருந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, காடு கைவிட்டுப் போவதற்குள் காசாக்கிவிட வேண்டும் என்று மாகாணத்தின் பல இடங்களில் மரங்கள் சாய்க்கப்பட்டன. அதைத் தடுக்க 1949-ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் காட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ அது தடை விதித்தது. மரம் வெட்டவும் அனுமதி வேண்டும் என்றது.

1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் அதை வெட்ட, அதற்கென அமைக்கப்பட்ட குழுவிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். மலைச்சரிவைப் புதிதாக உழுது பயிரிடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. மரம் போனால் மண் சரியும், மண் சரிந்தால் கீழே உள்ள அணை தூர்ந்துபோகும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இது தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லை இல்லாதிருந்தால் கீழ்ப்பழனி மலையின் நிழல் மரங்கள் பல என்றோ லாரி ஏறியிருக்கும்.

இச்சட்டங்களுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவற்றின் கண்ணுக்கு மரம் மட்டுமே தெரிந்தது. மேல்மலையில் சோலைக்காடும் புல்வெளியும் கலந்தே கிடக்கும். புல்வெளி தன் கரிச்சத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது. மழைநீரையும் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. மரமில்லாத நிலம் என்பதற்காக அதை வெற்றிடமாகக் கருதி வனத்துறையே யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களை நட்டது. அந்நிய மரங்களை அகற்றிப் பழைய இயற்கையை மீட்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022-ல்தான் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2013-ல், கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருந்தது.

இச்சட்டங்கள் எண்ணாத கரியமில வாயு முதலிய பசுமைக்குடில் வாயுக்களுக்கு நேரடியாக வரம்பு கட்டிய மாநிலச் சட்டத்துக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா முன்னோடி. 2020-க்குள் வெளியேற்றத்தை 1990-ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று அது 2006-ல் சட்டம் இயற்றியது. 2016-லேயே அந்த அளவை எட்டியது. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக்க இலக்கு வைத்தது. இவை அரசின் திட்டங்கள். சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் அல்ல. 1949-லும் 1955-லும் சட்டமன்றம் துணிந்து செய்ததை இப்போதும் செய்ய வேண்டும். இம்முறை மரத்தோடு புல்வெளியையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும்.