கோஃபிலின்

கோஃபிலின் என்பது உயிரணுக்களில் உள்ள ஆக்டின் இழைகளுடன் பிணைந்து அவற்றைத் துண்டிக்கும் ஒரு சிறு புரதம் ஆகும். மனிதரில் தசையல்லாத உயிரணுக்களில் காணப்படும் கோஃபிலின்-1 என்னும் வகை 166 அமினோ அமிலங்களால் ஆனது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 18.5 கிலோடால்டன். ஆய்வகங்களில் பயன்படுவது பெரும்பாலும் ஈ. கோலி பாக்டீரியாவில் உருவாக்கப்படும் மறுசேர்க்கைப் புரதமே. கண்ணின் உள்ளழுத்தத்துக்கும் ஆக்டின் இழைகளுக்கும் உள்ள தொடர்பு மதுரையில் ஆராயப்படுவதால், தமிழக மாணவர்கள் இதனை அறிந்திருப்பது பயனுடையது.

செயல்பாடு

ஆக்டின் இழைகள் உயிரணுவின் வடிவத்தைத் தாங்கும் சாரம் போன்றவை. பழைய சாரத்தைப் பிரித்தால்தான் புதியது கட்டப் பொருள் கிடைக்கும். கோஃபிலின் இழையின் முதிர்ந்த பகுதிகளையே, அதாவது அடினோசின் இருபாசுபேட்டைத் தாங்கிய ஆக்டினையே, நாடிப் பிணைகிறது. பிணைந்த இடத்தில் இழையின் முறுக்கு மாறுகிறது. பிணைந்த பகுதியும் பிணையாத பகுதியும் சந்திக்கும் எல்லையில் இழை முறிகிறது. எனவே இழை முழுவதும் கோஃபிலின் செறிந்துவிட்டால் எல்லைகள் இல்லாமற்போய் முறிவு குறையும். மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியாக வெட்டும் என்று எண்ணுவது தவறு.

இப்புரதத்தின் மூன்றாம் அமினோ அமிலமான செரினில் லிம் கைனேசு என்னும் நொதி பாசுபேட்டைச் சேர்த்தால் கோஃபிலின் செயலிழக்கும். இது 1998-இல் கண்டறியப்பட்டது.

கண்டுபிடிப்பு

1980-இல் கோழிக்கருவின் மூளையிலிருந்து ஆக்டின் இழைகளைக் கலைக்கும் ஒரு புரதத்தைச் சேம்சு பாம்பர்க் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதன் நெருங்கிய உறவான கோஃபிலினை 1984-இல் சப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து பெற்றனர். இழையோடு சேர்ந்திருப்பது என்பதே பெயரின் கருத்து.

மறுசேர்க்கை உற்பத்தி

கோஃபிலினின் மரபணு ஒரு பிளாசுமிடில் இணைக்கப்பட்டு ஈ. கோலிக்குள் செலுத்தப்படுகிறது. பாக்டீரியா பெருகியபின் உடைக்கப்பட்டு, நிறச்சாரல் பிரிகை மூலம் புரதம் தூய்மையாக்கப்படுகிறது. ஆனால் ஆக்டினை இவ்வாறு பெற இயலாது. ஆக்டின் சரியாக மடிவதற்குத் தேவையான சிசிடி என்னும் துணைப்புரதம் பாக்டீரியாவில் இல்லை. ஆகவே ஒரே சோதனைக் குழாயில் பாக்டீரியா தந்த கோஃபிலினும் முயல் தசையிலிருந்து எடுத்த ஆக்டினும் சந்திப்பது வழக்கம்.

தூய்மையாக்கலுக்காக ஒட்டப்படும் குறிவால் புரதத்தின் தொடக்க முனையில் இருந்தால் கவனம் தேவை. ஆக்டினுடன் பிணைவதில் அம்முனைக்கும் பங்குண்டு; செரின்-3 இருப்பதும் அங்கேதான்.

சோதனையில், ஆக்டின் இழைகளுடன் கோஃபிலினைக் கலந்து 1,00,000 கி அளவில் சுழற்றினால் இழைகள் அடியில் படியும். கோஃபிலின் வீழ்படிவில் உள்ளதா, கரைசலில் உள்ளதா என்று பின்னர் பார்க்கப்படுகிறது. முடிவு கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்தும் மாறும்: பிஎச் 7-க்குக் கீழே இழையோடு பிணைந்திருப்பது மேலோங்கும், சற்றுக் காரமானால் இழை கலைவது மேலோங்கும்.

மதுரை ஆய்வுகள்

கண்ணுக்குள் உள்ள நீர் வெளியேறும் வழியில் சல்லடை போன்ற ஒரு திசு உள்ளது. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் அதன் உயிரணுக்களில் ஆக்டின் இழைகளைக் குறுக்குப்பின்னலாக இறுக்குகின்றன. நீர் வடிவது தடைப்பட்டு உள்ளழுத்தம் கூடினால் கிளாக்கோமா நோய் வந்து பார்வை பறிபோகலாம். ஸ்டீராய்டுக்கு இவ்வாறு அழுத்தம் கூடுவது மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கே. எஞ்சியோருக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

1976-இல் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இக்கேள்வியை ஆராய்ந்துள்ளது. தானமாகப் பெற்ற கண்களின் முன்பகுதியை வளர்ப்பூடகத்தில் வைத்து டெக்சாமெத்தசோன் செலுத்தி, அழுத்தமும் ஆக்டின் பின்னல்களும் பார்க்கப்படுகின்றன.

பின்னல்களைக் காணப் பொதுவாகப் பயன்படும் சாயம் நச்சுக்காளானிலிருந்து வரும் ஃபலாய்டின். கோஃபிலின் செறிந்த இழையில் இது பிணைவதில்லை. ஆகவே நுண்ணோக்கியில் இருளாகத் தெரியும் இடத்தில் ஆக்டினே இல்லை என்று முடிவு கட்டலாகாது. தூய கோஃபிலினைக் கொண்டு சாயத்தின் இவ்வெல்லையைச் சோதித்தறியலாம்.

மருந்துகள்

ரோ கைனேசு என்னும் நொதியே லிம் கைனேசைத் தூண்டிக் கோஃபிலினை முடக்குகிறது. ரோ கைனேசைத் தடுத்தால் கோஃபிலின் விடுபட்டு இழைகள் தளரும். வடிகால் திசுவின் இறுக்கமும் குறையும். இவ்வகைச் சொட்டு மருந்துகளில் ரிபாசுடில் 2014-இல் சப்பானிலும், நெட்டார்சுடில் 2017-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன. இரண்டுக்கும் கண் சிவத்தல் பரவலான பக்கவிளைவு.