முகவுரையும் இறைவன் திருப்பெயரும்

ஒரு நாட்டின் அரசியல் சட்டம் யாருடைய பெயரால் தொடங்குதல் வேண்டும்? முடியாட்சி நிலவிய காலத்தில் இவ்வினாவிற்கு விடை எளிதாயிருந்தது. மன்னன் இறையருளால் ஆள்பவன் எனப்பட்டான். அவன் சாசனங்கள் மங்கலச் சொல்லோடு தொடங்கின. நம் கோயிற் கல்வெட்டுகளின் தலைப்பில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் தொடரைக் காணாதார் யார்? ஆட்சி மக்கள் கைக்கு வந்த பின்னரே இவ்வினா கடினமாயிற்று. ஏனெனில், மன்னன் ஒருவன். அவனுக்குச் சமயமும் ஒன்று. மக்களோ பலர்; அவர்தம் சமயங்களும் பல.

உலக நாடுகள் இவ்வினாவிற்குப் பல்வேறு விடைகள் கண்டுள்ளன. அமெரிக்காவின் 1776ஆம் ஆண்டு விடுதலை அறிக்கை படைத்தோனைச் சுட்டுகிறது. 1787இல் எழுதப்பெற்ற அந்நாட்டு அரசியல் சட்டமோ மக்கள் பெயரால் தொடங்கி, பதவி பெறுவோர்க்குச் சமயச் சோதனை கூடாதென விதிக்கிறது. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டம் தூய திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. பாகிஸ்தானின் அரசியல் நிருணய சபை 1949 மார்ச்சு 12இல் நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானம், இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது என்று முழங்கிற்று.

அதே 1949ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. விதிகளையெல்லாம் ஆராய்ந்து முடித்தபின், அக்டோபர் 17ஆம் நாள் நம் அரசியல் நிருணய சபை முகவுரையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. தலைமை வகித்தவர் இராசேந்திர பிரசாத். எச். வி. காமத் எழுந்து, முகவுரை ‘இறைவன் பெயரால்’ என்று தொடங்குதல் வேண்டும் எனத் திருத்தம் கொணர்ந்தார். சிப்பன் லால் சக்சேனாவும் கோவிந்த மாளவியாவும் அதே கருத்துடைய வேறு திருத்தங்களை முன்வைத்தனர். சக்சேனா காந்தியடிகளின் பெயரையும் இணைக்க விரும்பினார். பல்வேறு மக்கள் பல்வேறு பெயரால் அழைக்கும் பரமேசுவரன் என்று மாளவியா பொதுமை கூற முயன்றார்.

அன்று நிகழ்ந்த வாதம் நாம் அனைவரும் அறியத்தக்கது. திருவிதாங்கூரைச் சேர்ந்த தாணுப் பிள்ளை, தாம் இறைநம்பிக்கையுடையவரே எனினும், திருத்தத்தை ஏற்பது நம்பிக்கையை வற்புறுத்துவதாகும் என்றார். நம்புவதற்கு உரிமை உண்டெனின் நம்பாதிருப்பதற்கும் உரிமை உண்டு என்பது அவர் கருத்து. இருதயநாத குன்சுருவோ, எண்ணத்திலும் நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் சுதந்தரம் அளிக்கும் முகவுரைக்கே இது முரணாகும் என்று எடுத்துக்காட்டினார். காமரூபத்தில் காமாக்கியா தேவியை வழிபடும் மக்களின் சார்பில் பேசிய ரோகிணி குமார் சௌதுரி, இறைவன் என்றால் போதுமா, இறைவியும் வேண்டாவா என வினவினார். கேட்போர்க்கு நகை விளைக்கும் வினாவே எனினும், ஒரு பெயரைச் சொன்ன அளவிலே மற்றொரு பெயர் விடுபடும் என்னும் உண்மை அதனுள் பொதிந்து கிடந்தது. பூர்ணிமா பானர்ஜி, கடவுளை வாக்கெடுப்பிற்கு உள்ளாக்கும் இக்கட்டில் எங்களை நிறுத்த வேண்டா என்று காமத்தை வேண்டிக்கொண்டார்.

காமத் இணங்கவில்லை, வாக்குகளை எண்ணிக் கணக்கிடுமாறு கேட்டார். திருத்தத்திற்குச் சார்பாக 41 பேர். எதிராக 68 பேர். முகவுரை ‘இந்திய மக்களாகிய நாம்’ என்றே தொடங்கலாயிற்று. நவம்பர் 25ஆம் நாள் மைசூர் மகாராசா அச்சட்டம் தம் சமத்தானத்திற்கும் உரியதாகும் எனப் பிரகடனம் செய்தார். மறுநாள் சபை அதனை ஏற்று நிறைவேற்றியது. இங்ஙனம் நம் தங்கவயலும் அம்முகவுரையின் கீழ் வந்தது.

இதனை நாத்திகத்தின் வெற்றி எனக் கொள்வது பொருந்தாது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை நோக்குக. பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதியும் கூறலாம். இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே. 2021 மே 7ஆம் நாள் தமிழ்நாட்டின் முதலமைச்சராக மு. க. ஸ்டாலின் பதவியேற்றபோது உளமார உறுதி கூறியதை நம் இல்லங்களிலும் பலர் கேட்டிருப்பர். தனி ஒருவர் தம் வாயால் கூறும் உறுதியில் இறைவனுக்கு இடமுண்டு. அனைவர் சார்பிலும் கூறும் உறுதியில் எவரையும் விலக்காத சொல்லே வேண்டும். இவ்வேறுபாட்டைத்தான் அச்சபை கண்டறிந்தது. ‘சமயச் சார்பற்ற’ என்னும் சொல் முகவுரையில் புகுந்தது பின்னர், 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தினால் ஆகும்.

இவ்வரலாறு டில்லியில் நிகழ்ந்தது. நமக்கு அதனால் என்ன என்று கேட்போரும் உளர். அவர்கள் நம் ஊரின் பழங்கதையைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கம் அகழத் தொடங்கினர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவருட் பெரும்பாலோர் ஊரில் தாழ்த்தப்பட்டோராய், கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். லைன் வீடுகளில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தவரும், மாதா கோயிலுக்குச் சென்றவரும், தொழுகைக்குச் சென்றவரும் அண்டை அயலாராய் வாழ்ந்தனர்.

இவர்களோடு நான்காவதாக ஒரு நெறியினரும் இருந்தனர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் தழைத்தன. 1914இல் பண்டிதர் மறைந்த பின், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நம் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அதனை நடத்திய அப்பாதுரையார் பெயர் தமிழ்ப் பௌத்த வரலாற்றில் நிலைத்தது. பௌத்தம் படைப்புக் கடவுளை முன்னிறுத்தாத சமயம் என்பதை நாம் அறிவோம். 1949இல் 41 பேர் விரும்பியது நிறைவேறியிருப்பின், ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் மாரிகுப்பத்துப் பௌத்தர் எங்ஙனம் நின்றிருப்பர்? சுரங்கத்தில் பத்தாயிரம் அடிக்கும் கீழே தோளோடு தோள் நின்ற உழைப்பாளரை, சட்டத்தின் முதல் வரியே இரு கூறாக்கியிருக்கும் அன்றோ?

எனினும், முகவுரை ஒன்றாலே எல்லாம் இனிது முடிந்துவிடவில்லை என்பதையும் இங்குக் கூறுதல் கடன். 25ஆம் விதி மனச்சான்றின் சுதந்தரத்தையும், சமயத்தைக் கைக்கொள்ளவும் ஒழுகவும் பரப்பவும் உரிமையையும் அளித்தது. இந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்றும் அவ்விதியே கூறிற்று. ஆயின் 1950ஆம் ஆண்டில் பிறந்த தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை, இந்து சமயத்தினர் அல்லாதார்க்கு அப்பட்டியலில் இடமில்லை என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் அவ்வாயில் திறக்கவில்லை. ஆகவே நம் ஊரிற் பௌத்தம் தழுவிய ஏழைத் தொழிலாளி, தன் நெறியை வெளிப்படச் சொன்னால் மக்களின் படிப்புச் சலுகையை இழக்க வேண்டிய நிலை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. நெஞ்சில் ஒரு சமயமும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு சமயமுமாக வாழ நேர்ந்தோரின் துயர் சிறிதன்று. உரிமையைப் பெறுவதற்கு விலை கேட்கப்படுமாயின், அவ்வுரிமை முழுமை பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடல் கடந்த நம் உறவினர் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. இலங்கையின் சோல்பரி அரசியல் சட்டம், எச்சமயத்தாருக்கும் தனிச் சலுகை தரும் சட்டம் இயற்றலாகாது என்று 29ஆம் பிரிவில் காப்பு அளித்தது. 1972இல் வந்த புதிய சட்டம் அக்காப்பை நீக்கிப் பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கிற்று. ஒரு நாட்டில் சிறுபான்மையாய் நின்று நசுங்கும் சமயமே மற்றொரு நாட்டில் பெரும்பான்மையாய் முதலிடம் கோருவதைக் காண்கிறோம். எனவே இது எந்தச் சமயத்தின் குற்றமும் அன்று. எண்ணிக்கையின் செருக்கே இதற்குக் காரணமாம்.

மொழியாற் சிறுபான்மையராய்க் கன்னட நாட்டில் வாழும் நமக்கு இப்பாடம் எளிதில் விளங்கும். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின்னரும் நம்மை ஓரூராக வைத்திருப்பது, ஒருவர் வழிபாட்டை மற்றவர் மதிக்கும் பண்பே. நம் சங்க மேடையில் எச்சமயத்தாரும் தயக்கமின்றி ஏறுதல் வேண்டும். நம் சிறார்க்கு அம்முகவுரையைத் தமிழிலும் கன்னடத்திலும் மனப்பாடம் செய்விப்போமாக. அதன் முதற்சொல்லுக்குள் தம் அண்டை வீட்டாரும் அடங்குவர் என்பதை அவர்கள் உணர்ந்து வளர்வார்களாக. வாழ்க தமிழ்! வாழ்க ஒற்றுமை!