நாளைக்கு ஃபங்ஷன், இன்னைக்கு ஃபேஷியலா? கொஞ்சம் பொறுங்க!

மத்தியான வெயிலில் கோச்சடையிலிருந்து மேலக்கால் ரோட்டில் டூ வீலரில் ஒரு தடவை போய்வந்தாலே போதும்... முகம் எண்ணெய், தூசு, வியர்வைன்னு ஒரு வழியாகிடும். அதுவும் முகூர்த்த மாசம்னா கேட்கவே வேண்டாம், கல்யாணத்துக்கு முதல் நாள் நேரா பார்லர்தான். ஆனா, முகத்தை யார் கையிலயாவது கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த அடிப்படை விஷயங்களைத் தெரிஞ்சுக்கோங்க.

ஃபேஷியல்ல என்ன நடக்குது?

க்ளென்சிங்ல அழுக்கும் எண்ணெய்யும் போகும். ஸ்க்ரப் செய்தால் மேலே இருக்கும் இறந்த செல்கள் உதிரும். ஆவி பிடித்தால் துவாரங்களில் அடைத்திருப்பது இளகும்; அப்புறம் ப்ளாக்ஹெட்ஸை எடுப்பார்கள். மசாஜ் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். கடைசியில் பேக். முகம் 'பளிச்'னு தெரிய இதுதான் காரணம். அந்தப் பொலிவு சில நாள்கள்தான் இருக்கும்; சருமத்தின் நிறம் மாறாது.

பிளீச்சும் அப்படித்தான். அது முக்கியமாக முகத்தில் இருக்கும் பூனை முடியின் நிறத்தைத்தான் வெளுக்க வைக்கிறது.

எப்போ செய்யலாம்?

சருமத்தின் மேல் அடுக்கு புதுசாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதனால் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஃபேஷியல் தேவையில்லை. விசேஷத்துக்கு நான்கைந்து நாள் முன்னாடியே செய்துவிடுங்கள். சிவந்துபோனாலோ பரு வந்தாலோ அடங்குவதற்கு நேரம் வேண்டும் இல்லையா?

பார்லர்ல கேளுங்க, தப்பில்லை!

* டவலும் ப்ளாக்ஹெட் எடுக்கும் கருவியும் சுத்தமானவையா?
* புது பிராண்டா? காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போடுங்கள்.
* சீழ் வைத்த பரு இருந்தால் ஸ்க்ரப்பும் ஸ்டீமும் வேண்டாம்.
* பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கிறீர்களா? வேக்ஸிங், பீல் எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

பேர் இல்லாத டப்பா... ஜாக்கிரதை!

'ஒரே வாரத்துல கலராகிடலாம்' என்று லேபிள் இல்லாத டப்பாவில் க்ரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பேர்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மூணுமே ஸ்டீராய்டு. முதலில் முகம் வெளுக்கும். போகப் போக தோல் மெலிந்து பரு, எரிச்சல், முடி வளர்ச்சி எல்லாம் வரும். நிறுத்தினால் இன்னும் சிவக்கும். அதனால்தான் 2018-ல், இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது.

பாதரசம் கலந்த க்ரீம் இன்னும் மோசம். 2023-ல் கேரளாவின் மலப்புரம் பகுதியில், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பூசினது முகத்துல, அடிபட்டது கிட்னி!

தினமும் இது போதும்

குளிக்கிற சோப்பு காரத்தன்மை கொண்டது, முகத்தை வறட்சியாக்கும். மைல்டான ஃபேஸ்வாஷ் ரெண்டு வேளை, பிறகு மாய்ஸ்ச்சரைசர். பகலில் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்தில் தடவுங்கள். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போடணும்.

ஏற்கெனவே அப்படியொரு க்ரீமைப் பூசிட்டு இருக்கீங்களா? பயப்படாதீங்க. அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ, பக்கத்தில் இருக்கும் தோல் டாக்டரிடமோ போங்கள். உங்க கலர் உங்க கலர்தான்... அது ஆரோக்கியமா இருந்தாலே அழகு!